பார்லாவின் நாக்கு

எங்கள் மொழியைக் காப்பாற்ற ஒரு மன்றம் இருக்கிறது. கீழே டவுனில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பலகை மாட்டுவதற்கான இரண்டு ஆணிகள் மட்டும் உண்டு. பலகையில் ‘மொழி’ என்ற சொல்லை எந்தப் பள்ளத்தாக்கு வழக்கப்படி எழுதுவது என்று மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தபால்காரர் ஆணியை அடையாளம் வைத்துத்தான் கடிதம் போடுகிறார்.

நாங்கள் ரொமான்ஷ் பேசுகிறவர்கள். ஸ்விட்சர்லாந்தின் மலை மூலையில் ஐந்து பள்ளத்தாக்கு, ஐந்து விதமான பேச்சு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேறு பள்ளத்தாக்குக்காரர் எதிரே வந்து வாயைத் திறந்தால் அடுத்த நொடி இரண்டு பேரும் ஜெர்மனுக்கு மாறிவிடுவோம். அவர் பேச்சு நமக்குப் புரியாமல் இல்லை. அரைவாசிக்கு மேல் புரியும். ஆனாலும் நம் பேச்சை அவர் தலையில் கட்டுவது மரியாதை இல்லை என்று வளர்ந்துவிட்டோம். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி, இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

மன்றத்தில் ஐந்து பள்ளத்தாக்குக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். ஆகையால் அங்கே நாள் முழுக்க ஜெர்மன்தான்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு வேலையும் இருந்ததில்லை. ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை. என் அக்கா பார்லாவால்தான் போக வேண்டி வந்தது.

பார்லா எங்கள் ஊர்க் கடையில் முப்பது வருஷமாக நின்றவள். பாலாடைக்கட்டி வாங்கப் போனால் கட்டியோடு ஊர்க்கதை முழுவதையும் மடித்துக் கொடுப்பாள். அவளிடம் தப்பிக்கவே சிலர் டவுனில் வாங்கினார்கள் என்று கேள்வி. ஜனவரியில் ஒரு காலை, உலர்ந்த மாட்டிறைச்சியைச் சீவிக்கொண்டே பேசியவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். எதிரே நின்றவர், அம்மா யோசிக்கிறார் போல என்று பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார். அக்கா யோசித்துப் பேசுகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் வெளியூர்.

பக்கவாதம். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து வந்தவள், நல்ல பிள்ளை. ஒரு சோதனைத் தாள் வைத்திருந்தாள். அதில் முதல் வரி: நாக்கை நீட்டுங்கள். அவள் அதை ஜெர்மனில் சொன்னாள். பார்லா ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாவது வரி: கண்ணை மூடுங்கள். பார்லா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வரும் பனிச்சறுக்குக்காரர்களிடம் ஜெர்மனில் வாயாடியவள்தான். அது மொத்தமும் எங்கோ போய்விட்டது.

என் மச்சான் லுரைன், அவள் புருஷன், சறுக்குமலையில் ஆட்களைக் கம்பியில் மேலே ஏற்றும் இழுவை நாற்காலி ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஒரு நெம்புகோல் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவன், அதிகம் பேசமாட்டான். வீட்டில் பேசுகிற வேலையை அவள் பார்த்துக்கொண்டாள். அவன் கட்டிலோரம் குனிந்து எங்கள் பேச்சில் சொன்னான்: “ஏய், நாக்க நீட்டு பாப்போம்.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். நீட்டினாள். வேர் வரைக்கும் நீட்டினாள். சமையலறைச் சண்டையில் அவனுக்குக் காட்டுகிற அதே நாக்கு. லுரைன் சிரிக்க ஆரம்பித்து முகத்தை மூடிக்கொண்டான். ஹாம்பர்க் பெண் கைதட்டினாள். பிறகு அவளே முகம் வாடி, இதைத் தாளில் ஏற்ற முடியாது என்றாள். குடும்பத்தார் கேட்டது கணக்கில் வராது. கண்ணால் ஜாடை காட்டியிருக்கலாம் இல்லையா.

விஷயத்தை அவள் மறைக்காமல் சொன்னாள். பனி உருகுவதற்குள் பார்லா இந்தச் சோதனையில் தேற வேண்டும். தேறினால் வீட்டுக்குப் போகலாம், பயிற்சி கொடுக்கிறவர் ஊருக்கே வருவார். தேறாவிட்டால், சொல்வது எதுவும் அவளுக்குப் புரியவில்லை என்று காப்பீட்டுக்காரர்கள் முடிவு கட்டி, கீழே சமவெளியில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எங்கள் பேச்சு தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. சோதனையை அவளுடைய மொழியில், அங்கீகரிக்கப்பட்ட ஒருவர் நடத்தலாம், அதற்கு விதி இருக்கிறது. “உங்க மொழிக்குன்னு பெரிய மன்றமே இருக்காமே” என்றாள் அந்தப் பெண், நம்பிக்கையோடு.

நானும் மச்சானும் மன்றத்துக்குப் போனோம்.

தலைவர் டாக்டர் கூர்தின் வாசலுக்கே வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் எங்கடீன் பள்ளத்தாக்கு, நாங்கள் ரைன் பள்ளத்தாக்கு, ஆகவே ஜெர்மனில் வரவேற்றார். உள்ளே மேஜையில் வைன், சீவிய இறைச்சி, அக்ரூட் கேக். எங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் பிறகு ஒரு வாய் வைன் உண்டு. மன்றத்தில் நகர்த்துவதற்கு முன்னாலேயே உண்டு.

லுரைன் விஷயத்தைச் சொன்னான். இருபது சின்ன வாக்கியம் எங்கள் பேச்சில் எழுதி, கேட்க ஒரு ஆளை அனுப்பினால் போதும். முதல் வாக்கியம் நாக்கை நீட்டுங்கள் என்பது.

டாக்டர் கூர்தின் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியது.

“நாக்கு” என்றார். “பாருங்க, எங்க கொண்டாந்து நிறுத்திட்டீங்க. லிங்குவா. ரோமாபுரியில பொறந்த சொல்லு. வாய்க்குள்ள இருக்கறதுக்கும் அதான் பேரு, அதுல வர்ற பேச்சுக்கும் அதான் பேரு. இத்தாலிக்காரன் லிங்குவான்னே வச்சிருக்கான். ஸ்பெயின்ல லெங்குவா, பிரான்ஸ்ல லாங், ருமேனியாவுல லிம்பா. எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்க. ஆனா அவங்கவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுதான். நமக்கு? கையகல மலையில அஞ்சு. அவங்க சொல்லுக்குப் பின்னாடி பட்டாளம் நிக்குது. நம்ம சொல்லுக்குப் பின்னாடி மன்றம் நிக்குது.”

“என் பொண்டாட்டிக்கு ஒண்ணு போதுங்க” என்றான் லுரைன்.

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். மனு சொற்குழுவுக்குப் போகும் என்றார்.

கிளம்பும்போது லுரைன் ஒரு கேள்வி கேட்டான். அவன் குத்திக்காட்டுகிற ஆள் இல்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். மன்றத்துக்குள் ஏன் யாரும் நம் மொழியைப் பேசுவதில்லை?

டாக்டர் கூர்தின் புன்னகைத்தார். இந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருக்க வேண்டும். “உங்க வீட்டுல விசேஷத்துக்குன்னு நல்ல பீங்கான் தட்டு வச்சிருப்பீங்க இல்லையா? தெனமும் அதுல சூப் ஊத்திக் குடிப்பீங்களா? விரிசல் விட்டுரும். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் மொழிக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அத நான் பெருமையாவே சொல்லிக்குவேன்.”

சொற்குழு கூடியது. நாங்களும் வரலாம் என்றார்கள், போய் மூலையில் உட்கார்ந்தோம். எங்கள் பள்ளத்தாக்கில் நாக்கு என்பது லியுங்கா. எங்கடீனில் லெங்குவா. மற்ற மூன்று பள்ளத்தாக்குக்கும் ஆளுக்கு ஒரு வடிவம். ஐந்து பேரும் எழுந்து தங்கள் சொல்லின் தொன்மையைப் பற்றி ஜெர்மனில் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவர், பொதுவாக இருக்கட்டுமே என்று லத்தீன் சொல்லையே போட்டுவிடலாம் என்றார். எந்த நோயாளியும் அதன்மேல் உரிமை கொண்டாட முடியாது என்பது அவர் வாதம். இன்னொருவர், நாக்கு என்ற சொல்லே வராமல் ‘வாயில் இருப்பதை வெளியே காட்டுங்கள்’ என்று கேட்கலாம் என்றார். பல் செட்டைக் கழற்றிக் காட்டினால் என்ன செய்வது என்று அது தள்ளுபடியானது. பிறகு வைன் வந்தது.

இரண்டாவது கூட்டத்தில் சுழல்முறை ஞாபகத்துக்கு வந்தது. எதிலும் ஒப்புக்கொள்ள முடியாதபோது மன்றம் வருஷத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு என்று முறை வைத்துச் செய்யும். இந்த வருஷம் எங்கடீன் முறை. டாக்டர் கூர்தின் எங்களைத் தனியாக அழைத்து, ரொம்பப் பரிவாகச் சொன்னார்.

“உங்க பள்ளத்தாக்கோட முறை நாலு வருஷம் கழிச்சு வருது. அம்மா அதுவரைக்கும் இதே நிலையில இருப்பாங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, உங்க மனுவ முதல்ல எடுத்துக்கறோம்.”

“அவ்ளோ நாள் பொறுக்க முடியாதுங்க” என்றான் லுரைன்.

“புரியுது. அப்ப இந்த வருஷத்துல வச்சுக்கலாம். ஆளு எங்கடீன்ல இருந்து வருவாங்க.”

எனக்கு இந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் நம் கன்னத்தையே தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. கிள்ளினால் இன்னொருத்தர் கன்னம் மாதிரி இருக்கும். மச்சானைப் பார்த்தேன். அவன் தொப்பியை மடியில் வைத்து, கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஆள் வருவதற்கு முன்னால் புகைப்படக்காரர் வந்தார். மன்றம் அந்த வசந்தத்தில் ஒரு விளம்பரம் செய்ய இருந்ததாம். என்ன வாசகம் போட்டாலும் நாலு பள்ளத்தாக்கு கோபித்துக்கொள்ளும் என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டது. எங்கள் மனுவைப் பார்த்ததும் டாக்டர் கூர்தினுக்கு யோசனை பிறந்திருக்கிறது. நீட்டிய நாக்கு, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சதைக்குப் பள்ளத்தாக்கு கிடையாது. ஐந்து பேரும் கைதூக்கினார்கள். மன்ற வரலாற்றில் ஏகமனதான முதல் தீர்மானம் அதுதான் என்று பிறகு பத்திரிகையில் படித்தேன்.

லுரைன் சம்மதித்தான். முறைத்துக்கொண்டால் வருகிற ஆளும் வராமல் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. கட்டிலோரம் நின்று, “நீட்டு புள்ள” என்றான். அவள் நீட்டினாள். அவன் சொன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டினாள். புகைப்படக்காரர் விளக்கை இடம் மாற்றி மாற்றி எடுத்தார். ஹாம்பர்க் பெண் கதவோரம் நின்று, இதையாவது தாளில் ஏற்றலாமா என்று யாரிடமோ தொலைபேசியில் கேட்டாள். கூடாது என்றார்கள், அது கலை.

மார்ச் கடைசியில் மத்லைனா என்கிற அம்மாள் எங்கடீனிலிருந்து வந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் அக்காவுக்கு ஒரு டப்பா பிஸ்கட். எங்களை வெளியே நிறுத்தினார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது, கேட்கவில்லை. மத்லைனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னாள். பார்லா அவள் வாயையே பார்த்தாள். பிறகு பார்லாவின் உதடு அசைந்தது.

மச்சான் என் முழங்கையைப் பிடித்தான். அவள் பேசினாள். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு மூன்று. நான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உதடு அசையவில்லை. மத்லைனா கேட்டுக்கொண்டே போனாள், தாளைத் திருப்பினாள், இன்னும் கேட்டாள். பார்லா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

வெளியே வந்த மத்லைனாவின் முகம் மலர்ந்திருந்தது. “பேசினாங்க” என்றாள், ஜெர்மனில். “ரொம்பத் தெளிவா. ஆரம்பத்துல நான் எங்க பேச்சுல வணக்கம் சொன்னேன். உடனே உங்க பேச்சுல, ஜன்னலச் சாத்துன்னாங்க. சுத்தமான ரைன் பக்கத்துப் பேச்சு, கேக்கவே எவ்ளோ நல்லா இருந்துச்சு.”

“அப்புறம்?” என்றான் லுரைன்.

“அப்புறம், வேற பள்ளத்தாக்குன்னு தெரிஞ்சுபோச்சு இல்லையா. அவங்களக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு ஜெர்மனுக்கு மாறிட்டேன்.”

நடையில் யாரோ தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுபோனார்கள். பார்லிச் சூப் வாசனை. அது போகும்வரை நாங்கள் மூவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

“மிச்சக் கேள்வி எல்லாம் ஜெர்மன்லயா கேட்டீங்க?” என்றேன் நான்.

“ஆமா. ஒண்ணுக்கும் பதில் வரல.” அப்போதுதான் அவள் முகத்தில் ஏதோ புரிய ஆரம்பித்தது. கையிலிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள், கொடுக்க மறந்திருக்கிறாள். “தன்னால வந்துருச்சுங்க” என்றாள் மெதுவாக.

“ஜன்னலச் சாத்தினீங்களா?” என்று கேட்டான் லுரைன்.

“அது... அது தாள்ல இல்லையே.”

லுரைன் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு மத்லைனாவின் கையைப் பிடித்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொன்னான். பாதை பனி, பார்த்துப் போகச் சொன்னான். எல்லாம் ஜெர்மனில் சொன்னான். அவள் வேறு பள்ளத்தாக்கு அல்லவா. அவளைத் திட்ட நான் வாயெடுத்தேன், என் வாயில் வந்ததும் ஜெர்மன்தான், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு சோதனைக்கு மேல் நடத்த விதியில் இடமில்லை. தேறவில்லை என்று முடிவு வந்தது. மன்றம் வருத்தம் தெரிவித்து ஐந்து வடிவத்திலும் கடிதம் போட்டது, கூடவே ஒரு ஜெர்மன் மொழிபெயர்ப்பு. பனி உருகியதும் அக்காவைச் சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். கடையிலிருந்த அவளுடைய ஏப்ரனை யார் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஆணியிலேயே விட்டுவிட்டார்கள்.

மே மாதம் விளம்பரத்தின் திறப்பு விழா. ரயில் நிலையச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பார்லாவின் நாக்கு. எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர் கூர்தின் பேசினார். ஐந்து பள்ளத்தாக்குக்காரர்களும் வந்திருந்ததால் ஜெர்மனில் பேசினார்.

“இந்த நாக்கு ஒரு வார்த்தை பேசல” என்றார். “அதனாலதான் இது நம்ம எல்லாருக்கும் சொந்தம். பேசியிருந்தா ஒரு பள்ளத்தாக்கோட போயிருக்கும்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை தன்னால் தட்டியது. அக்ரூட் கேக் நன்றாக இருந்தது. லுரைன் மட்டும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தபடி நின்றான். நாக்கின் மேல்பக்கம் பார்லாவின் கண்ணில் பாதி தெரிந்தது. அந்தப் பாதிக் கண் சிரித்துக்கொண்டிருந்தது. அது அவனைப் பார்த்துச் சிரித்தது என்பது அங்கே எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் லுரைன் இல்லத்துக்குப் போனான். மற்ற நாட்களில் கோடைக்கால வைக்கோல் வேலை, போக முடியாது. போய்வந்ததும் என் வீட்டு வாசலில் நின்று, இன்னிக்கும் ஒண்ணும் இல்ல மச்சான் என்பான். அந்த இல்லத்தில் பேச்சுப் பயிற்சி தினமும் உண்டு, திறமையானவர்கள், குறை சொல்ல முடியாது. கோடை கடைசியில் ஒருநாள் அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பார்லா பேசுகிறாள் என்றார்கள்.

என் காரில் போனோம். வழியெல்லாம் மச்சான் அன்றைக்கு வழக்கத்துக்கு விரோதமாகப் பேசினான். குளிர்காலத்துக்குள் கீழ் அறையை அவளுக்கு ஒழித்துக்கொடுக்க வேண்டும் என்றான். மறுபடி கடைக்கு அனுப்பலாமா, ஜனம் தாங்குமா என்றான். சிரித்தான்கூட. போகிற வழியில் அவளுக்குப் பிடித்த பேரிக்காய் ரொட்டி வாங்கினான்.

அக்கா தோட்டத்தைப் பார்த்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, நீலச் சட்டை போட்டு அழகாக இருந்தாள். எங்களைப் பார்த்ததும் புன்னகைத்தாள். லுரைன் எதிரே உட்கார்ந்து எங்கள் பேச்சில், “என்ன புள்ள, பேசுறியாமே” என்றான்.

பார்லா அவனைக் கவனமாகப் பார்த்தாள். அவன் பேச்சை அவள் காது எங்கோ கேட்டிருக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு நன்றாக வளர்க்கப்பட்ட எந்த மலைக்காரியும் செய்வதைச் செய்தாள்.

“வாங்க, உக்காருங்க” என்றாள், ஜெர்மனில். ஒவ்வொரு சொல்லாக, திருத்தமாக. “ரொம்பத் தூரத்துல இருந்து வர்றீங்களா? உங்களுக்குக் குளிருதா? ஜன்னலச் சாத்தச் சொல்லட்டுங்களா?”

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவனை நீங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. லுரைன் ரொட்டிப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். நான் அவனுக்கு உதவ நினைத்தேன். எந்த மொழியில் உதவுவது என்று தெரியவில்லை.

“வேண்டாங்க” என்றான் லுரைன், ஜெர்மனில். “குளிரல. ரொம்ப நன்றிங்க.”

கொஞ்ச நேரம் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மழை இந்த வருஷம் குறைவு என்று அவள் சொன்னாள், அவன் ஒத்துக்கொண்டான். ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்றாள். செவிலி கதவோரம் நின்று சந்தோஷமாகத் தாளில் குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியமும் கணக்கில் வந்தது.

வெளியே வந்து காரில் ஏறினோம். மச்சான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி, வேகமாகப் போனால் இருட்டுவதற்குள் ஊர் போய்விடலாம் என்றான்.

ஜெர்மனில் சொன்னான்.

சரி என்றேன் நானும், ஜெர்மனிலேயே. வீடு வரைக்கும் அப்படியே பேசிக்கொண்டு வந்தோம்.